ரூட் செய்தால் படங்கள் அழியுமா? ஆனந்தியின் பதிவுக்கு மறுப்பு

கர்னல் குமரேசன் (இரவு 9:12)
நேற்று ஆனந்தி தன் டேப்லெட் அனுபவத்தை இங்கே எழுதியிருந்தார். நெக்ஸஸ் 7, 2012 மாடல், 16 ஜிபி. மெமரி கார்டு போட இடமே இல்லாத கருவி. பென் டிரைவைச் செருகிப் பாட்டு கேட்க வேண்டும் என்று ரூட் செய்திருக்கிறார், அதாவது கருவியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்திருக்கிறார். அதுவரை சரி. கடைசியில், "ரூட் செய்ததில் என் படங்கள் அத்தனையும் அழிந்துவிட்டன, ரூட் செய்தால் எல்லாம் போய்விடும், புதியவர்கள் கிட்டேயே போகாதீர்கள்" என்று முடித்திருக்கிறார். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ரூட் எதையும் அழிக்காது. அழித்தது பூட்லோடரை, அதாவது கருவி எழும்போது முதலில் ஓடி, எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று காவல் காக்கும் நிரலை, திறந்த வேலை. இரண்டும் வேறு வேறு. ஐந்து வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ஆனந்தி_கரூர் (9:31)
குமரேசன் சார், நான் நடந்ததைத்தான் எழுதினேன். மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்திய படங்கள், மொத்தம் 412. சித்தப்பா மகனின் கேமராவிலிருந்து ஏற்றி வைத்திருந்தேன். அவன் அப்போதே கார்டைத் துடைத்துவிட்டான். ரூட் செய்யும் மென்பொருளைக் கணினியில் ஓட்டினேன். டேப்லெட்டில் ஒரு பச்சைப் பொம்மை மார்பைத் திறந்து வைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தது. பிறகு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பக்கம் வந்தது. ஒலி பொத்தானால் 'யெஸ்'ஸுக்குப் போய், பவர் பொத்தானை அழுத்து என்றது. அழுத்தினேன். அணைந்து எழுந்தபோது கூகுள் என்ற எழுத்துக்குக் கீழே ஒரு சின்னப் பூட்டு திறந்த நிலையில் இருந்தது. உள்ளே போனால் புதுக் கருவி மாதிரி மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கேலரியில் ஒன்றுமே இல்லை. இதற்கு ரூட் காரணம் இல்லையென்றால் வேறு என்ன காரணம்?

கர்னல் குமரேசன் (9:44)
காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், சகோதரி. அந்தத் திறந்த பூட்டுதான் பூட்லோடர் திறந்ததன் அடையாளம். 'ஏதோ ஒரு பக்கம்' என்று தாண்டிப் போனீர்களே, உங்கள் சொந்தத் தரவு எல்லாம் அழிக்கப்படும் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்குத்தான் 'யெஸ்' கொடுத்தீர்கள். பூட்லோடரைத் திறக்கும் 'ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக்' என்ற கட்டளை செய்த வேலை அது. அப்போது உங்கள் டேப்லெட் ரூட்டே ஆகவில்லை. ரூட் என்பது அதற்குப் பிறகு, எந்தச் செயலிக்கு ரூட் அதிகாரம் தரலாம் என்று பார்த்துக்கொள்ளும் சூப்பர்எஸ்யூ உள்ளே போவது. அது ஒரு சின்ன மென்பொருள், அவ்வளவுதான். ரூட் எதையும் அழிக்காது.

திறக்கும்போது ஏன் அழிக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் டேப்லெட்டை ஒருவன் திருடிவிட்டான் என்று வையுங்கள். பூட்லோடரைத் திறந்து, தன் ரிகவரியை (ஆண்ட்ராய்டு எழாமலே கருவியைப் பழுதுபார்க்க உதவும் தனிப் பகுதி) ஏற்றி, உங்கள் படங்களை எல்லாம் அவன் எடுத்துவிடலாம். அது நடக்கக் கூடாது என்றுதான் திறக்கும் நேரத்திலேயே துடைக்கிறார்கள். கார்டு உள்ள கருவியில் கார்டில் இருப்பது தப்பும். நெக்ஸஸ் 7-இல் 'எஸ்டி கார்டு' என்று காட்டுவது உண்மையில் டேட்டா பகுதிக்குள் இருக்கும் மீடியா என்ற ஓர் அடைவு. அந்தப் பகுதி முழுவதும் துடைக்கப்பட்டால் படமும் சேர்ந்து போகும்.

நெல்லை மணி (9:58)
திறக்காமல் நெக்ஸஸில் எப்படி ரூட் செய்வது? எந்த வழிகாட்டியை எடுத்தாலும் முதல் படி திறப்பது, இரண்டாம் படி ரிகவரி, மூன்றாம் படி ரூட். வீட்டுக்குள் போவதற்காகத்தான் பூட்டை உடைத்தார். பூட்டை உடைத்தபோது ஜன்னல் உடைந்தால் வீட்டுக்குள் போனதால் வந்த நஷ்டம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனந்தி சொன்னதில் தப்பில்லை.

கர்னல் குமரேசன் (10:05)
தப்பு. உடைத்தவன் வேறு, உள்ளே போனவன் வேறு. பூட்டை உடைக்காமலும் உள்ளே போகலாம். ஜியோஹாட் என்ற ஹேக்கர் 2014 ஜூனில் வெளியிட்ட டவல்ரூட் செயலியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கர்னலில் இருந்த ஒரு ஓட்டை வழியாக நேரே ரூட். நெக்ஸஸ் 5 போனில் நானே செய்தேன். பூட்லோடர் பூட்டியபடியே இருந்தது. ஒரு படம் அழியவில்லை, ஒரு எஸ்எம்எஸ் அழியவில்லை. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு போன் ஜி1 வந்தபோது பூட்லோடரை யார் திறந்தார்கள்? தட்டச்சு செய்வதெல்லாம் பின்னணியில் கட்டளையாக ரூட் அதிகாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. 'ரீபூட்' என்று யாருக்காவது எழுதினால் போனே அணைந்து எழுந்தது. அப்போது யாருடைய படம் அழிந்தது? ரூட் எதையும் அழிக்காது.

நெல்லை மணி (10:11)
ஆனந்தி கையில் இருப்பது ஜி1-ஆ? நெக்ஸஸ் 5-ஆ? 2012 நெக்ஸஸ் 7. அதில் அவர் போன வழியில் அழிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

தமிழ்த்தும்பி (10:20)
இரு தரப்பாரும் பொறுத்தருளவும். 'ரூட் செய்தல்' என்று எத்தனை முறை எழுதுவீர்கள்? வேரை அணுகுதல் என்ற பொருளில் 'வேரணுக்கம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. சொல் தெளிவாக இருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது.

கர்னல் குமரேசன் (10:26)
வேரணுக்கம் என்றால் ஆனந்திக்கு என்ன புரியும்? செடி நடுகிற வேலை என்று நினைப்பார். யுனிக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். அந்த இடத்தை அடைவதுதான் ரூட் செய்வது.

தமிழ்த்தும்பி (10:33)
அப்படியானால் 'மூலவர்' என்று சொல்லுங்கள். கருவறைக்குள் இருப்பவர் மூலவர். உங்கள் விளக்கத்துக்கும் பொருந்துகிறது. தமிழில் சொல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கர்னல் குமரேசன் (10:37)
சொல் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? 2010-இல் ஃப்ரோயோ (ஆண்ட்ராய்டு 2.2) போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் இங்கே நீங்கள் யாரும் இல்லை. ஓப்பரா மினி உலாவியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற அமைப்பை மாற்றிவிட்டுத் தமிழ்த் தளங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். போன் முழுவதும் தமிழ் தெரிய வேண்டும் என்று ரூட் செய்து, சிஸ்டத்தின் ஃபாண்ட்ஸ் அடைவில் தமிழ் எழுத்துள்ள கோப்பைக் கொண்டுபோய் வைத்தவன் நான். ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், இருந்தாலும் படிக்க முடிந்தது. தமிழுக்காக ரூட் செய்தவனுக்குத் தமிழ்ப் பாடம் வேண்டாம்.

நெல்லை மணி (10:49)
அந்த எழுத்துருக் கதையை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். அன்று நீங்கள் எழுதிய வழிகாட்டியைப் பார்த்துத்தான் நானும் கோப்பை மாற்றினேன். மாற்றிய பிறகு அதன் பெர்மிஷனை, அதாவது யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்ற அனுமதியை, 644 என்று வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவே இல்லை. போன் லோகோவைத் தாண்டவில்லை. 9,000 ரூபாய் போன், செங்கல். நான்கு வருடம் ஆகிறது. ஒரு வார்த்தை மன்னிப்புக் கூட நீங்கள் கேட்கவில்லை.

கர்னல் குமரேசன் (10:55)
அது செங்கல் இல்லை. பூட் லூப், முழுதாக எழ முடியாமல் திரும்பத் திரும்பச் சுற்றுவது. செங்கல் என்றால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உயிரே வராத கருவி. லோகோ வந்ததென்றால் அது பிழைக்கும் கருவி. ரிகவரியில் போய்ப் பழைய கோப்பைத் திருப்பி வைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

நெல்லை மணி (10:58)
எனக்கு ரிகவரி என்றால் என்னவென்றே அப்போது தெரியாது. தெரியாதவர்களுக்காக எழுதும்போது 644-ஐ எழுத வேண்டும். இன்று ஆனந்தியிடமும் இதையேதான் செய்கிறீர்கள். தெரியாமல் போனது அவர் குற்றம் என்கிறீர்கள்.

ஆனந்தி_கரூர் (11:06)
மணி அண்ணா சொல்வதுதான் என் வருத்தமும். படங்களைக் கணினியில் ஏற்றி வை என்று அந்த மென்பொருளின் வழிகாட்டியில் கடைசிப் பத்தியில் இருந்தது. நான் முதல் பத்தியிலேயே ஆரம்பித்துவிட்டேன். பென் டிரைவ் இப்போது ஸ்டிக்மவுன்ட் செயலி போட்டதும் நன்றாக வேலை செய்கிறது, அதையும் என் பதிவில் எழுதியிருக்கிறேன். அதை யாரும் பார்க்கவில்லை. அப்புறம், பென் டிரைவ் மாட்டும் ஓடிஜி கேபிளில் விசைப்பலகை உறையை மாட்டினால் சார்ஜ் போட முடியவில்லை. அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

நெல்லை மணி (11:12)
ஒரே துளை, அதில் விசைப்பலகை உட்கார்ந்துவிடுகிறது, அதனால்தான். புளூடூத் விசைப்பலகைக்கு மாறுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். பென் டிரைவில் இருப்பதைப் பார்க்கவும் கேட்கவும் ரூட்டே தேவையில்லை. நெக்ஸஸ் மீடியா இம்போர்ட்டர் என்று காசு கொடுத்து வாங்கும் செயலி இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் 412 படமும் இருந்திருக்கும். ஐந்து வருட அனுபவம் உள்ளவர் இதை முதலில் சொல்லியிருக்கலாமே?

கர்னல் குமரேசன் (11:20)
இம்போர்ட்டர் தன் ஜன்னலுக்குள் மட்டும் காட்டும். ஸ்டிக்மவுன்ட் போட்டால் எல்லாச் செயலிக்கும் பென் டிரைவ் ஓர் அடைவாகத் தெரியும். ஆனந்திக்கு அவர் பழகிய பாட்டுச் செயலியிலேயே கேட்க வேண்டும், அதனால் ரூட்தான் சரி. சார்ஜுக்கும் புளூடூத் வேண்டாம். ஓடிஜி ஓடும்போதே சார்ஜ் ஏற்றுகிற கர்னல் 2012 நெக்ஸஸ் 7-க்கு இருக்கிறது. டேப்லெட்டைக் கார் டேஷ்போர்டில் பதித்தவர்கள் அதைத்தான் போட்டார்கள். விசைப்பலகைக்கும் சார்ஜருக்கும் இரண்டாகப் பிரியும் ஒய் கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூட்லோடர் ஏற்கெனவே திறந்திருப்பதால் கர்னலை மாற்றும்போது எதுவும் அழியாது. திரும்பப் பூட்டிவிட மட்டும் செய்யாதீர்கள், மறுபடி திறந்தால் மறுபடி துடைக்கும். பார்த்தீர்களா, அழிப்பது எது என்று?

ஆனந்தி_கரூர் (11:29)
கேபிள் விஷயத்துக்கு நன்றி சார். ஆனால் என் பதிவில் அந்த வரியை மாற்ற மாட்டேன். என்னைப் போல் புதிதாக வருகிற ஒருத்தி 'பூட்லோடர்' என்று தேட மாட்டாள். 'ரூட்' என்றுதான் தேடுவாள். அவள் கண்ணில் பட வேண்டியது 'படங்களை முதலில் எடுத்து வை' என்ற வரி.

கர்னல் குமரேசன் (11:34)
எடுத்து வை என்று எழுதுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். ரூட் அழித்தது என்று எழுதாதீர்கள். அது பொய்.

நெல்லை மணி (11:36)
பொய் என்ற வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள். அவர் பிள்ளையின் படத்தை இழந்தவர்.

கர்னல் குமரேசன் (11:41)
பெற மாட்டேன். படம் போனதில் எனக்கும் வருத்தம்தான். அதற்காக அழிக்காத ஒன்றை அழித்தது என்று சொல்ல முடியாது. நாளை ஞாயிறு. பூட்லோடர் பூட்டிய என் நெக்ஸஸ் 5-இல் 500 படம் போட்டு, டவல்ரூட் ஓட்டி, முன்னும் பின்னும் திரையைப் படம் பிடித்து இங்கேயே ஏற்றுகிறேன்.

தமிழ்த்தும்பி (11:43)
வேரணுக்கம்.

நெல்லை மணி (11:47)
ஏற்றுங்கள். 2012 நெக்ஸஸ் 7-இல் செய்து ஏற்றுங்கள். நெக்ஸஸ் 5 வேண்டாம்.