25 சதவீத இடம்: பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கும்போது தனியாருக்குப் பணம் எதற்கு?

கரும்பலகை:
தனியார் பள்ளியில் 25% இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தரச் சொல்வது கல்வி உரிமைச் சட்டப் பிரிவு 12(1)(சி); பணத்தை அரசு கட்டும். அதைக் கர்நாடகம் 2019இல் கையாண்டதுபோலத் தமிழ்நாடும் கையாள வேண்டும் என்பது என் வாதம். கர்நாடக விதிப்படி, அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளியில் 25% இலவச இடம் கிடையாது. இங்கே என்ன நடக்கிறது? சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால்தான் மூன்றாமவர். 65 பேர் படிக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலிருந்து ஐந்து பேரை அரசே பணம் கட்டித் தனியாருக்கு அனுப்பினால், கூடவே ஓர் ஆசிரியர் பணியிடமும் போகிறது. மிஞ்சிய 60 பேருக்கு ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அவர்களும் பிள்ளைகள்தானே?

மணிக்கூண்டு:
அதே திருத்தத்தை மகாராஷ்டிரம் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்தது. ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. தனியார் பள்ளிமேல் சட்டம் சுமத்திய கடமையை மாநில அரசு ஒரு விதி போட்டு எடுத்துவிட முடியாது. 2012இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவையே செல்லும் என்றுவிட்டது. ஆசிரியர் குறைவதுதான் கவலை என்றால் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கேளுங்கள். அரசுப் பள்ளிக்கு ஆள் சேர்க்க ஏழை வீட்டுப் பிள்ளையின் வழியை ஏன் அடைக்கிறீர்கள்?

கரும்பலகை:
கர்நாடக உயர் நீதிமன்றம் அங்குள்ள விதியை ஏற்றதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் "ஏழை வீட்டுப் பிள்ளை" என்கிறீர்கள். நலிவடைந்த பிரிவுக்குத்தான் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்ற வரம்பு. "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு" என்பதில் எஸ்சி, எஸ்டியோடு பிசி, எம்பிசியும் உண்டு. அதற்குச் சாதிச் சான்று போதும், வருமானம் கேட்பதில்லை. நாலு லாரி ஓட்டுகிற பிசி குடும்பமும் கூலி வேலைக்குப் போகிற குடும்பமும் ஒரே குலுக்கல் பெட்டியில்.

மணிக்கூண்டு:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பிசி, எம்பிசிக்கு வருமான வரம்பு வைக்க ஓர் அரசாணை போதும். ஆதரவற்றோர், எச்ஐவி பாதிப்புள்ளோர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுப் பணியாளர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குக் குலுக்கல் இல்லாமலே முன்னுரிமை இருக்கிறதே, அதுபோல வரிசை போடலாம். திட்டத்தையே மூட இது காரணமாகாது.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் பணத்தை மறந்துவிட்டீர்கள். பிரிவு 12(2)படி, அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம், இதில் எது குறைவோ அதுதான் பள்ளிக்கு வரும். ஒரு கணக்குக்கு: நிர்ணயித்த கட்டணம் 22,000, அரசுத் தொகை 14,000 என்றால் கிடைப்பது 14,000. எல்கேஜியில் 40 பேர் என்றால் 10 இடம். வருடம் 80,000 துண்டு விழும். அந்தத் தொகையும் காலத்தில் வருவதில்லை. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, இந்தத் தொகைக்கு வழியான சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வி நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்திருந்ததால், 2025இல் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது.

மணிக்கூண்டு:
துண்டு விழுவதைப் பள்ளிகள் சும்மா விடுகின்றனவா? புத்தகம், சீருடை, "செயல்பாட்டுக் கட்டணம்" என்று வேறு பெயரில் பெற்றோரிடம் வாங்கிவிடுகிறார்கள். பாடநூல், சீருடைச் செலவும் அரசுடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. பள்ளி கேட்டால் எதற்கு என்று எழுதிய ரசீது வாங்குங்கள், அதை வைத்து மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ரசீது தர மறுத்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

தாழ்வாரம்:
சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. விண்ணப்பம் பெரும்பாலும் எதனால் தள்ளுபடியாகிறது?

மணிக்கூண்டு:
முகவரி. குடியிருப்பது வாடகை வீட்டில், ரேஷன் கார்டு சொந்த ஊரில்; வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயே உதைக்கும். அடுத்தது, பிள்ளையின் பெயர் ஏறாத பிறப்புச் சான்று. பதிவு செய்த இடத்திலேயே பெயரைச் சேர்க்கலாம், ஆனால் கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது. எல்கேஜிக்கு ஜூலை 31இல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளைத் தேர்வு செய்யாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்புக்குப் பின் அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

கரும்பலகை:
எட்டாம் வகுப்போடு இலவசம் முடிகிறது என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். ஒன்பதில் முழுக் கட்டணம்.

மணிக்கூண்டு:
ஆமாம். அப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றி 12 வரை படிக்கவைத்தால் மருத்துவப் படிப்பின் 7.5% உள் ஒதுக்கீடு கிடைக்கும். எட்டு வரை இந்த 25% இடத்தில் படித்தவர்களையும் அந்த 7.5% ஒதுக்கீட்டுச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது.

கரும்பலகை:
ஆக, கடைசியில் அரசுப் பள்ளிக்குத்தான் வரச் சொல்கிறீர்கள். ஒன்றாம் வகுப்பிலேயே வந்திருந்தால் அந்த மூன்றாவது ஆசிரியர் இருந்திருப்பார்.

மணிக்கூண்டு:
அந்த ஆசிரியரைக் கேட்டு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. கர்நாடக விதியைக் கேட்டால் போடமாட்டேன்.