இடிமழைக்குப் பிறகு கிரப் ரெஸ்க்யூ திரை (உபுண்டு 22.04 + விண்டோஸ் 10)

கித்தாக்காடு:
வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஒரு டியூஷன் சென்டர் டெஸ்க்டாப். 240 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10, உபுண்டு 22.04 இரண்டும் உண்டு. எஸ்பிஎம் (மலேசியப் பள்ளித் தேர்வு) மாதிரித் தாள்களைப் போட்டு வைக்க 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று தனியாக இருக்கிறது, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்சிஸ்டம்). நேற்று சாயங்காலம் இடிமழையில் கரண்டு போய்ப் போய் வந்தது. அதிலிருந்து ஆன் செய்தால் கிரப்பின் (எந்த ஓஎஸ் என்று கேட்டுத் திறக்கும் பூட் லோடர்) கறுப்புத் திரைதான்:

எரர்: அன்நோன் ஃபைல்சிஸ்டம்.
என்டரிங் ரெஸ்க்யூ மோட்...
கிரப் ரெஸ்க்யூ>

எல்எஸ் கொடுத்தால் (எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்1) (எச்டி1) என்று வருகிறது. எஃப்12 அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் திறக்கிறது, ஆனால் தேதி 2018 ஜனவரி 1 என்று காட்டுகிறது. எஃப்12 பட்டியலில் முன்பு இருந்த "உபுண்டு" இப்போது இல்லை. எஸ்எஸ்டி போய்விட்டதா? கிரப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால் சரியாகுமா?

செம்பனை77:
தம்பி, ரெஸ்க்யூ திரையில் "செட்" கொடுத்து ப்ரிஃபிக்ஸ் (கிரப் தன் ஃபைல்களைத் தேடும் இடம்) என்ன என்று பாருங்க. தப்பாக இருந்தால் உபுண்டு இருக்கும் பார்ட்டிஷனைக் காட்டி மாற்றிவிட்டு, "இன்ஸ்மாட் நார்மல்", அப்புறம் "நார்மல்". மெனு வந்துவிடும். உள்ளே போனதும் அப்டேட்-கிரப் (மெனுவைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்டுங்க, முடிந்தது.

கித்தாக்காடு:
பார்த்தேன் அண்ணே. ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்1)/பூட்/கிரப் என்று இருக்கிறது. எச்டி1-க்கு மாற்றலாம் என்றால் அதில் பார்ட்டிஷனே காட்டவில்லை.

மதர்போர்டு மணி:
அங்கேயே நிறுத்துங்க. இந்த கிரப் உங்கள் உபுண்டுவின் கிரப் இல்லை.

நீங்கள் கொடுத்த விவரத்திலேயே விடை இருக்கிறது. லெகசி (பழைய பயாஸ்) முறையில் பூட் ஆகும்போது, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பியதோ அதுதான் எச்டி0. உங்கள் எச்டி0-வில் எம்எஸ்டாஸ் (பழைய வகை) பார்ட்டிஷன் இருக்கிறது, அப்படியானால் அது அந்த 500 ஜிபி டிஸ்க். எப்போதோ அதில் லினக்ஸ் இருந்திருக்கும். பிறகு என்டிஎஃப்எஸ்ஸாக ஃபார்மட் செய்திருப்பார்கள். ஃபார்மட் செய்தாலும் முதல் செக்டாரில் உள்ள பூட் கோட் அழியாது. அது இப்போது எழுந்து தன் பழைய வீட்டைத் தேடுகிறது, அங்கே என்டிஎஃப்எஸ் இருப்பதால் "அன்நோன் ஃபைல்சிஸ்டம்" என்கிறது. எஸ்எஸ்டி ஜிபிடி (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) டிஸ்க். இந்தப் பழைய கிரப்புக்குள் ஜிபிடி படிக்கும் மாட்யூல் இல்லை. அதனால்தான் எச்டி1 வெறுமையாகத் தெரிகிறது. செம்பனை அண்ணன் சொன்ன வழி, சொந்த கிரப்பின் ப்ரிஃபிக்ஸ் மாறிப்போன இடத்தில் வேலை செய்யும். இங்கே செய்யாது.

ஏன் நேற்று திடீரென்று? தேதி 2018-க்குப் போனதே, அதுதான் காரணம். சிமாஸ் பேட்டரி (போர்டின் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும் சின்ன பேட்டரி) செத்துவிட்டது. கரண்டு இருக்கும்வரை தெரியாது. முழுதாக அறுந்ததும் பயாஸ் அமைப்புகள் ஃபேக்டரி நிலைக்குத் திரும்பிவிட்டன. உங்கள் போர்டில் அந்த நிலையில் சிஎஸ்எம் (லெகசி முறைக்கும் இடம் கொடுக்கும் அமைப்பு) ஆன், ஹார்ட் டிஸ்க் முதல். சில போர்டுகள் ரீசெட் ஆகும்போது "உபுண்டு" பதிவையும் தூக்கிவிட்டு, விண்டோஸ் பதிவை மட்டும் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். ஃபைல்கள் எதுவும் போயிருக்காது.

முதலில் பேட்டரி. சிஆர்2032, 3 வோல்ட். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும், சில ரிங்கிட்தான். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், பிறகு மாற்றுங்கள். கூட்டல் குறி மேலே தெரிய வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் செய்தால் அடுத்த இடிக்கு இதே கதைதான்.

பிறகு பயாஸ். தேதி, நேரம் சரி செய்யுங்கள். சிஎஸ்எம் ஆஃப், அல்லது "யூஇஎஃப்ஐ ஒன்லி" (புதிய பூட் முறை மட்டும்). சாட்டா மோட் (டிஸ்க் இணைப்பு முறை) முன்பு ஏஎச்சிஐ இருந்தால் அதேதான் இருக்க வேண்டும். ரெய்டுக்கு மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க் குறியாக்கம்) இருந்தால் பயாஸைத் தொடும் முன் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் "உபுண்டு" வரவில்லை என்றால் லைவ் யூஎஸ்பி (இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டு ஓடும் யூஎஸ்பி). எஃப்12 பட்டியலில் அதே யூஎஸ்பி இரண்டு பெயரில் தெரியலாம். "யூஇஎஃப்ஐ:" என்று தொடங்குவதையே எடுங்கள். உள்ளே போய் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் லெகசியில் இருக்கிறீர்கள். அந்த நிலையில் பூட்-ரிப்பேர் (பூட்டைத் தானே சரிசெய்யும் கருவி) ஓட்டினால் லெகசி கிரப்பை எழுதிவைத்து இன்னொரு குழப்பம் உண்டாக்கும். இருந்தால் "எல்எஸ்பிஎல்கே -எஃப்" கொடுத்து எஸ்எஸ்டியில் எஃப்ஏடி32 உள்ள சின்ன பார்ட்டிஷனைக் கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் 100 எம்பி. அது எஸ்டிஏ-வின் 1-ஆவது என்று வைத்துக்கொண்டால்:

சூடோ எஃபிபூட்எம்ஜிஆர் -சி -டி /டெவ்/எஸ்டிஏ -பி 1 -எல்(பெரிய எழுத்து) உபுண்டு -எல்(சின்ன எழுத்து) '\இஎஃப்ஐ\உபுண்டு\ஷிம்எக்ஸ்64.இஎஃப்ஐ'

பாதையைச் சுற்றி ஒற்றை மேற்கோள் கட்டாயம். விட்டால் ஷெல் அந்தச் சாய்கோடுகளை விழுங்கிவிடும், பதிவு உருவாகும் ஆனால் பூட் ஆகாது. கிரப்-இன்ஸ்டால், சிரூட் எதுவும் தேவைப்படாது. பதிவுதான் போயிருக்கிறது, ஃபைல் அங்கேயே இருக்கிறது.

கித்தாக்காடு:
ரொம்ப நன்றி மணி அண்ணே. பேட்டரி மாற்றி, சிஎஸ்எம் ஆஃப் செய்து, அந்தக் கட்டளை கொடுத்ததும் பழைய மெனு வந்துவிட்டது. உபுண்டுவில் அப்டேட்-கிரப்பும் ஓட்டினேன், இப்போது மெனுவில் விண்டோஸைக் காணோம்! எஃப்12-ல் விண்டோஸ் திறக்கிறது, ஆனால் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால். அந்தப் பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

மதர்போர்டு மணி:
அப்டேட்-கிரப் இங்கே தேவைப்படவில்லை, பரவாயில்லை. கிரப் 2.06-இலிருந்து ஓஎஸ்-ப்ரோபர் (மற்ற ஓஎஸ்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் கருவி) இயல்பாகவே ஆஃப். ஓடும்போது அதைப் பற்றி ஒரு வார்னிங் வந்திருக்குமே. /இடிசி/டிஃபால்ட்/கிரப் ஃபைலில் கிரப்_டிஸ்ஏபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் என்ற வரியைச் சேர்த்து (சமன் குறிக்கு இருபுறமும் இடைவெளி வேண்டாம்) மறுபடி ஓட்டுங்கள். "ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று வர வேண்டும்.

பழைய டிஸ்க்கின் பூட் கோடை அழிக்க வேண்டுமானால் டிடி கட்டளையில் பிஎஸ்=440, கவுண்ட்=1 (முதல் 440 பைட் மட்டும்). 512 என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். கடைசிப் பகுதியில் பார்ட்டிஷன் டேபிள் இருக்கிறது, மாதிரித் தாள்கள் எல்லாம் காணாமல் போகும். எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறலாம், 500 ஜிபி எது என்று அளவைப் பார்த்தே செய்யுங்கள். சிஎஸ்எம் ஆஃபிலேயே இருக்கும் என்றால் தொடாமல் விட்டாலும் கேடில்லை.

செம்பனை77:
கடிகாரம் பின்னால் போனதற்கு நான் சொல்கிறேன். உபுண்டு போர்டு கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது) நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம்ம மலேசியா யூடிசி+8, அதனால்தான் கச்சிதமாக 8. உபுண்டுவில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" கொடுத்தால் போதும். கொடுத்ததும் அது சின்னதாக மிரட்டும், கோடைக்கால நேரம் மாற்றும் நாடுகளில் சிக்கல் வரும் என்று. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை லா.

அப்புறம், உபுண்டு பூட் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்டு அறுந்தால் அடுத்த பூட்டில் மெனு 30 விநாடி நிற்கும். அது பழுதில்லை, பிள்ளைகள் பயந்து ரீசெட் பட்டனை அமுக்காமல் பார்த்துக்கொள்ளுங்க.