தொழுநோய் வார்டில் வேலை பார்த்த அம்மா, அத்தை, சித்தியை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எழுதுங்கள்

காட்பாடிப் பெண்:

போன மாதம் அத்தை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 81. அடக்க ஆராதனையில் சபை ஐயர் பேசினார், மாதர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பேசினார்கள். விசுவாசமுள்ள தாய், குடும்பத்தைக் கட்டிக் காத்தவர், ஊழியம் செய்தவர் என்றார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதை யாரைப் பற்றியும் சொல்லிவிடலாம். என்னைக் கூப்பிட்டபோது எழுந்து நின்றேன், பேச்சு வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அன்று விழுங்கினதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அத்தை 34 வருடம் புண் கட்டும் பகுதியில் இருந்தவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, லீவில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒருநாள் கூடவே அழைத்துப் போனார். ஒரு பெரியவர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டால் நோய் இன்னதென்று சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று சாதாரணச் செருப்போடு வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். அத்தை செருப்பைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. அடியிலிருந்து ஓர் ஆணி ஏறிக் குதிகாலில் இறங்கியிருந்தது. அதோடுதான் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். அத்தை இடுக்கியால் ஆணியை இழுக்கும்போதுகூட அவர் பேச்சை நிறுத்தவில்லை. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை குனிந்தபடியே இருந்தார், கண்ணீர் பேசினில் சொட்டியது.

வீட்டுக்குத் திரும்பும்போது, "அந்தத் தாத்தாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா அத்தை?" என்று கேட்டேன். "வலிச்சிருந்தா நான் ஏம்மா அழப்போறேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

மூன்றாவது மகள்:

என் அம்மாவுக்கும் இதே வேலைதான், ஊர் வேறு. விடியற்காலை நாலரைக்கு முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, எங்கள் மூன்று பேருக்கும் தலைவாரிவிட்டுப் பஸ் பிடிப்பார். சாயங்காலம் வந்ததும் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அது பாட்டி போட்ட சட்டம்.

எனக்கு ஒன்பது வயது. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண், "உங்கம்மா கையில அது ஒட்டிக்கிட்டு வரும்" என்றாள். அன்று ராத்திரி அம்மா சோறு பிசைந்து, எப்போதும்போல் உருட்டி எங்கள் கையில் வைத்துக்கொண்டு வந்தார். என் முறை வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அந்த உருண்டையை அக்கா கையில் வைத்தார். மறுநாளிலிருந்து எனக்குக் கரண்டியால்தான் போட்டார். அக்காக்களுக்குக் கை, எனக்குக் கரண்டி. என் கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான். "கையிலயே போடும்மா" என்று சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை.

நினைவுநாள் வந்தால் "எத்தனை புண்களைக் கட்டிய கை" என்று எல்லாரும் அம்மாவின் கையைத்தான் புகழ்கிறார்கள். என்னால் அங்கே உட்கார முடிவதில்லை.

ஆம்பூர் தம்பி:

மூன்றாவது மகள் அக்கா, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்லாத பெரியவர்கள்மேல் உள்ள தப்பை நீங்கள் சுமக்காதீர்கள். மருந்து சாப்பிட ஆரம்பித்தவரிடமிருந்து இந்த நோய் பரவாது. அதைப் பள்ளியில் வந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால் இந்தக் கரண்டியே வந்திருக்காது.

காட்பாடி அக்காவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சேவை என்றாலே மிஷன் ஆஸ்பத்திரி, ஜெபம் என்று பேச்சு போய்விடுகிறது. என் அம்மா வெள்ளிக்கிழமை விரதம் விடாதவர், மாரியம்மன் பக்தை. தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் 1983-ல் வந்த பிறகு சேர்ந்த அரசு ஊழியர். வீடு வீடாகப் போய் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார். அவரும் பக்தியோடுதான் செய்தார்.

ஒரு கிராமத்தில் புதுமணப்பெண் ஒருத்திக்கு முதுகில் தேமல். புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அம்மா அவளுடைய மாத்திரை அட்டையைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் கண்ணெதிரே விழுங்க வேண்டிய ரிபாம்பிசினைக் கிணற்றடியில் வைத்துக் கொடுப்பார், மற்ற நாள் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு வருவார். கூட்டு மருந்தில் குளோபசிமின் என்று ஒன்று உண்டு, அது தோலைக் கறுக்க வைக்கும். ஒருநாள் நானும் கூட இருந்தேன். அவள் மாமியார், "என்னம்மா, எங்க மருமவ இப்படிக் கறுத்துப் போறா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், "வெயில்ல நாத்து நடுறா, கறுக்காம என்ன செய்வா?" என்றார். எதற்கும் பொய் சொல்லாத என் அம்மா! அன்று விளக்கேற்றும்போது சாமி படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்.

தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்று சட்டத்திலேயே இருந்த காலம் அது. 2019-ல்தான் அதை எடுத்தார்கள். அம்மா செய்தது சரியென்றுதான் நான் சொல்வேன். அவர் கடைசிவரை அப்படிச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்:

என் மனைவியும் இந்த வேலையில் இருந்தவர்தான். தன் நோயாளிகளின் பாதத்தை அன்றாடம் பார்த்தவர், சொந்தக் காலில் சர்க்கரைப் புண் வந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். தொழுநோயாக இருந்தாலும் சர்க்கரையாக இருந்தாலும் மரத்துப்போன காலுக்குப் பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். புண் இல்லாத காலைத் தினமும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வையுங்கள். வெந்நீர் வேண்டாம், சூடு தெரியாது. சர்க்கரை உள்ளவர்கள் ஊற வைக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள், காய்ப்பில் நீங்களே கைவைக்காதீர்கள். தொழுநோய்க் காலில் காய்ப்பை மெதுவாகத் தேய்த்துவிட்டு, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவுங்கள். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சிவந்தோ சூடாகவோ இருந்தால் நடக்காதீர்கள். செருப்பை உதறிவிட்டு, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துப் போடுங்கள். காட்பாடிப் பெண் எழுதியதுபோன்ற ஆணி முன்பே ஏறியிருந்தால் அந்த ஒரு தடவல் காட்டிக் கொடுத்துவிடும். தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது. அதற்காகவே வீட்டுக்குப் போகிறவர்களிடம் பூனை வளர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது.

கண்ணை மறக்காதீர்கள். இமை மூடும் நரம்பு கெட்டால் கண் காய்ந்து பார்வையே போய்விடும். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கை அறுவைச் சிகிச்சைக்குப் பேர்போனவர், அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி மார்கரெட் பிராண்ட், ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே தொழுநோயாளிகளின் கண்ணுக்காக உழைத்த டாக்டர். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தாடைத் தசையை இமையோடு இணைக்கும் அறுவை ஒன்று உண்டு, பல்லைக் கடித்தால் கண் மூடும். கண் சிமிட்ட வேண்டும் என்று நோயாளியே நினைவு வைத்துச் சிமிட்டப் பழக வேண்டும்.

மூன்றாவது மகள்:

ஐயா, நன்றி. உங்கள் மனைவியைப் பற்றி எழுத முடிகிற அன்று எழுதுங்கள், காத்திருப்போம்.

தம்பி, நீங்கள் ஆறுதலுக்குச் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் ஒன்பது வயதில் செய்தது மட்டும் என்றால் நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன். நாற்பது வயதிலும் கேட்காமல் இருந்துவிட்டேனே.

காட்பாடிப் பெண்:

கரண்டியைப் பற்றிப் படித்தபிறகு தூக்கம் வரவில்லை. அத்தை மகனுக்குப் போன் செய்து, "உங்க வீட்டுல இப்படி ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்.

நோய் அத்தனை சுலபமாக ஒட்டாது, பெரும்பாலான உடம்புக்கு இயல்பிலேயே எதிர்ப்பு உண்டு என்று ஊரெல்லாம் எடுத்துச் சொன்னவர் அத்தை. ஆனால் ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் டார்ச் லைட்டோடு வருவாராம். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்ப்பார், காதுமடலைத் தடவிப் பார்ப்பார், கடைசியில் பாதத்தில் விரலால் லேசாகக் கோடு இழுப்பார். மச்சான் தூங்குவதுபோல் கிடப்பாராம். கூச்சத்தில் கால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அத்தை, "ஸ்தோத்திரம்" என்று வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டு அடுத்த பாய்க்குப் போவாராம்.