ஓடுகிறவரே ஊக்கக் குரலும் கொடுக்கலாமா?

மஞ்சக்குப்பத்துக்காரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் வசிக்கும் எனக்கு ஓட்டப் பந்தயங்களின் மீது அடங்காத பித்து உண்டு. பெரிய வேகம் கிடையாது. அரை மாரத்தானை இரண்டே கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டால் வீட்டுக்கு இனிப்பு வாங்கிச் செல்லும் வகையைச் சேர்ந்தவன். ஆனால் பந்தயத்துக்குப் போனபின் என் ஓட்டத்தைவிட மற்றவர்களின் ஓட்டத்தில்தான் மனம் லயிக்கிறது. எதிரே வருகிறவர்களுக்குக் கைதட்டுவேன். மார்பில் குத்தியிருக்கும் எண் அட்டையில் பெயர் தெரிந்தால் அதைச் சொல்லிக் கூப்பிடுவேன். என் தூரம் முடிந்ததும் கழுத்தில் பதக்கத்தோடு சாலையோரம் நின்று, கடைசி ஆள் வந்து சேரும்வரை குரல் கொடுப்பேன். எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர், “கத்துகிற மூச்சைக் காலுக்குக் கொடுத்தால் பத்து நிமிடம் குறையும், தம்பி” என்கிறார். அவர் சொல்வது சரியா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வரும் பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானில் என் நண்பர் முதன்முறையாக 42.195 கிலோமீட்டர் ஓடவிருக்கிறார். அந்த முறை நான் பதிவு செய்யாமல் அவருக்காகவே போகிறேன். எந்த இடத்தில் நிற்பது, என்ன சொல்வது, கடைசிச் சில கிலோமீட்டர் அவருடன் நானும் ஓடலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

லாஸ்பேட்டைவாசி:

உங்கள் மூத்தவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் என்பது நிதானமான வேகம். உங்கள் எல்லையை ஒட்டி ஓடும்போது இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வாயிலிருந்து வராது. ஆகவே ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வாழ்த்துக் கூற முடிகிறதென்றால் நீங்கள் உங்களால் இயன்றதைவிடக் குறைவாகவே ஓடுகிறீர்கள் என்று பொருள். நேரத்தைக் குறைப்பதற்காக ஓடுகிற அன்று கையை மட்டும் உயர்த்திக் காட்டுங்கள்; மற்ற நாட்களில் தாராளமாகக் கத்துங்கள். எல்லாப் பந்தயத்தையும் சாதனைக்காக ஓட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆரோவில் ஓட்டத்திலேயே பரிசு கிடையாது. செம்மண் பாதையில், மரங்களுக்கு நடுவே, ஓடுவதன் இன்பத்துக்காக ஓடுகிறார்கள்.

போய்த் திரும்பும் பாதையாக இருந்தால் உங்கள் குணத்துக்கு அதுதான் ஏற்றது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை வாகனங்கள் கிடையாது என்பதால், அங்கே காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்கும் இடையே பயிற்சி செய்கிற எங்களில் ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் பலமுறை எதிர்கொள்கிறோம். முன்னால் ஓடுகிறவர் பின்தங்கியவரின் முகத்தைப் பார்ப்பது இத்தகைய பாதையில்தான். ஒருவழிப் பாதையில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் அறிமுகமே நேராது.

நண்பரைப் பற்றி: தொடக்க இடத்திலும் முதல் ஐந்து கிலோமீட்டரிலும் போய் நிற்காதீர்கள். அங்கே எல்லாரும் துள்ளிக்கொண்டுதான் இருப்பார்கள்; உங்கள் குரலைக் கேட்டு அவர் வேகத்தைக் கூட்டிவிட்டால் அந்தக் கடனைப் பின்னால் வட்டியோடு கட்ட நேரும். தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைகோஜன் என்ற எரிபொருள் பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீரத் தொடங்குகிறது. கால் கனக்கும், எதற்காக வந்தோம் என்ற எண்ணம் தலைகாட்டும். காட்டுப் பாதையில் அந்த நேரத்தில் முன்னும் பின்னும் ஆள் இருக்கமாட்டார்கள். 30-க்கும் 37-க்கும் இடையே, தண்ணீர் நிலையத்துக்குச் சற்று அப்பால், தன்னார்வலர்கள் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். “இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 33-ஆவது கிலோமீட்டரில் ஒன்பது கிலோமீட்டர் மிச்சமிருக்கிறது என்பது ஓடுகிறவருக்கு நன்றாகவே தெரியும். சரியான எண்ணைச் சொல்லுங்கள், அல்லது எண்ணையே எடுக்காதீர்கள்.

பாதிரிப்புலியூர் செவிலி:

மருத்துவமனையில் பணிபுரிகிறேன், ஓட்ட நிகழ்வுகளில் முதலுதவிக் கூடாரத்திலும் இருந்திருக்கிறேன். எப்போது ஊக்கப்படுத்தக் கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன், தம்பி.

நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. ஈரக் காற்றில் அது ஆவியாகாமல் வெறுமனே வழிந்தோடுகிறது. விடியுமுன் தொடங்கினாலும் முதன்முறை ஓடுகிறவர் முடிக்கும்போது வெயில் ஏறிவிடும். ஒருவர் நேர்கோட்டில் ஓட முடியாமல் தள்ளாடினால், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில் சொன்னால், எரிச்சலோ குழப்பமோ காட்டினால், “விடாதீங்க, முடிச்சிடலாம்” என்று கத்தாதீர்கள். அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைப் பாதிக்கும் நிலை அது. உடனே நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, மருத்துவக் குழுவுக்குச் சொல்லிவிட்டு, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வையுங்கள். வண்டி வரும்வரை குளிர்விக்காமல் காத்திருக்கக் கூடாது; குளிர்விப்பதே முதல் சிகிச்சை. கெண்டைக்கால் பிடிப்பு வேறு: வலியில் முகம் சுளிப்பார், ஆனால் தெளிவாகப் பேசுவார். அவரிடம் நின்று காலை நீட்டி இழுக்கச் சொல்லலாம், பிறகு ஊக்கப்படுத்தலாம்.

ஆகவே நண்பர் வரும்போது வாழ்த்தோடு ஒரு கேள்வியும் கேளுங்கள். “எத்தனையாவது கிலோமீட்டர்?” என்றால் போதும். பதில் வருகிற விதத்திலேயே நிலைமை தெரிந்துவிடும்.

கூட ஓடுவதைப் பற்றி: உலகத் தடகள விதிகளின்படி, பந்தயத்தில் பங்கேற்காத ஒருவர் உடன் ஓடி வேகம் அமைத்துக் கொடுப்பது தடை செய்யப்பட்ட உதவி. பரிசில்லாத ஓட்டத்தில் யாரும் விசிலடிக்கப் போவதில்லை என்றாலும், குறுகிய பாதையில் பக்கவாட்டில் ஓடினால் பின்னால் வருகிறவருக்கு வழி அடைபடும். பத்து இருபது அடி நடந்து வந்து பேசிவிட்டு ஒதுங்கிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை ஆமை:

எப்போதும் கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தியாக வருகிறவள் என்ற தகுதியில் பேசுகிறேன். இறுதிக்கோட்டில் பந்தல் பிரிக்கும் நேரத்துக்குத்தான் நான் போய்ச் சேருவேன். அப்போது முன்பின் தெரியாத ஒருவர் பதக்கத்தோடு நின்று, “வாங்கக்கா, அப்படியே வாங்க” என்று கூப்பிட்டால் அது எனக்கு வாழைப்பழத்தைவிடப் பயன்படுகிறது. எனவே மஞ்சக்குப்பத்து அண்ணன் தன் வழக்கத்தை விட வேண்டாம்.

வேகமானவர்களுக்குக் கைதட்ட எப்போதும் ஆள் இருக்கிறது. 1981-இல் முதல் லண்டன் மாரத்தானில் அமெரிக்கரான டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேக்காரரான இங்கெ (Inge) சிமோன்சனும் கைகோத்தபடி ஒன்றாக முடித்ததைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அழகான காட்சிதான். எனக்கு அதைவிடப் பிடித்தது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம். 1921-இல் தொடங்கிய, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரமுள்ள அந்த ஓட்டத்துக்கு இப்போது 12 மணி நேரக் கெடு உண்டு. நேரம் முடிகிறபோது ஒருவர், வருகிறவர்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியை வெடிப்பார். ஒரு நொடி பிந்தியவருக்கும் பதக்கம் இல்லை. வென்றவர் வந்து பல மணி நேரம் ஆன பிறகும் அந்தக் கடைசி நிமிடங்களுக்காகவே இறுதிக்கோட்டில் கூட்டம் காத்திருக்கிறது.

லாஸ்பேட்டையாரோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். எண் சரியாகவே இருந்தாலும் என்னிடம் சொல்லாதீர்கள். ஒன்பது கிலோமீட்டர் என்று கேட்டதும் எனக்குள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும், கால் நின்றுவிடும். “கை நன்றாக வீசுகிறது, தோளைத் தளர்த்துங்கள்” என்று கண்ணில் படுவதைச் சொன்னால் என்னைக் கவனித்துத்தான் சொல்கிறார் என்று புரியும். நண்பர் எந்த வகை என்பதை முன்கூட்டியே அவரிடமே கேட்டுவிடுங்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரன்:

மூவருக்கும் நன்றி. நண்பரிடம் இன்றே கேட்டேன். எண் வேண்டாமாம், பெயரும் வேண்டாமாம். பள்ளியில் கூப்பிட்ட பட்டப்பெயரைச் சொல்ல வேண்டுமாம். அதை இங்கே எழுத முடியாது. இரண்டு இடங்களில் நிற்க நினைக்கிறேன். இடையில் எப்படிப் போவது?

லாஸ்பேட்டைவாசி:

மிதிவண்டி எடுத்து வாருங்கள், ஆனால் ஓடுபாதையில் ஏற்றாதீர்கள். பாதை வரைபடம் வெளியானதும் இரண்டு முறை கடக்கும் சந்திப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அலையவே வேண்டாம். செவிலி அக்கா குளிர்விக்கச் சொன்னபடி ஒரு குடம் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உங்களுக்கும் தொப்பி, காலை உணவு, உட்கார ஒரு முக்காலி வேண்டும். ஐந்து மணி நேரம் வெயிலில் நின்று கத்துவதும் சாதாரண வேலையல்ல.