புதுவையில் மேபன் நாளைப் பொய்யின்றிக் கடைப்பிடிக்க வழி உண்டா?

கேள்வி: லாஸ்பேட்டை வாசகி

கார்டிஃப் நகரில் படித்த இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்த பேகன் சமயத்தார் சிலரோடு பழகி, அவர்களுடைய ஆண்டுச் சக்கரத்தின் எட்டுத் திருநாள்களையும் இயன்றவரை கடைப்பிடிக்கத் தொடங்கினேன். (பேகன் என்றதும் மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளலை நினைக்க வேண்டாம், கிறித்துவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளைத் தழுவி இக்காலத்தில் உருவான சமயத்தைச் சொல்கிறேன்.) ஆகஸ்ட் 1 அன்று முதல் அறுவடைத் திருநாள் வரும், செப்டம்பர் 22 அல்லது 23 அன்று, பகலும் இரவும் சமமாகும்போது, இரண்டாம் அறுவடையான மேபன் வரும்.

ஊர் திரும்பியபின் இந்த மேபன்தான் எனக்கு ஒட்டவில்லை. சென்ற ஆண்டு சிம்லா ஆப்பிளும் ரொட்டியும் வாங்கி, கடையில் கிடைத்த பிளாஸ்டிக் செவ்விலைகளை மேசையில் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றினேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, பள்ளி ஆண்டுவிழா மேடையில் நிற்பது போலிருந்தது. அம்மாவோ, "புரட்டாசியில் பெருமாளுக்கு ஏற்றாத விளக்கை யாருக்கடி ஏற்றுகிறாய்?" என்று கேட்டார். அன்று அலுவலக விடுப்பும் கிடையாது. இலையுதிர்காலமே இல்லாத ஊரில் நான் என்ன செய்யலாம்?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர்

அம்மணி, பெயரைப் பற்றிய தயக்கத்தை முதலில் விடுங்கள். இந்நாளுக்கு 'மேபன்' என்பது பழம்பெயரே அன்று. பிறந்த மூன்றாம் இரவில் தாயிடமிருந்து களவாடப்பட்ட வேல்சு நாட்டுத் தொன்மப் பிள்ளையின் பெயரை அமெரிக்கரான எய்டன் கெல்லி 1970களில்தான் இதற்குச் சூட்டினார். ஆஸ்திரேலியப் பேகன்கள் பலர் இதையே மார்ச்சில் கொண்டாடுகின்றனர், அங்கே இலையுதிர்காலம் அப்போதுதான் வருகிறது. ஊருக்கேற்ப மாற்றுவது பிழையென்றால், அப்பிழையை அவர்கள் முன்பே செய்துவிட்டார்கள்.

உங்கள் உறுத்தலுக்குக் காரணம் வானத்திலும் இருக்கிறது. கார்டிஃபில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. புதுச்சேரியில் அது ஒன்றரை மணி நேரத்தைக்கூட எட்டாது. அங்கே ஒளி குறைவதை உடம்பே உணரும், இங்கே அதைக் கணக்குப் போட்டுத்தான் அறிய வேண்டும். ஆனால் நம் முன்னோர் அந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் ஐப்பசி முதல் நாளை விஷு என்று குறித்திருப்பது இதே சமநாளைத்தான். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் உண்மையான சமநாள் முன்னே நகர்ந்து, இப்போது புரட்டாசி முதல் வாரத்தில் விழுகிறது. எனவே நீங்கள் அந்நிய நாள் எதையும் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. அன்று கடற்கரைச் சாலையில் நின்றால் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் நேர்கிழக்கில் எழுவதைக் காணலாம். அலுவலகத்துக்குப் போகுமுன் செய்யக்கூடிய வழிபாடு அதைவிட வேறென்ன வேண்டும்?

மறுமொழி: உழவர், காட்டுமன்னார்கோயில் பக்கம்

ஐயா வானத்தைச் சொன்னார், நான் வயலைச் சொல்கிறேன். ஆப்பிள் இமயமலையில் விளைவது. அதற்கு நன்றி சொல்வது தவறில்லை, ஆனால் அது உங்கள் ஊர் அறுவடை ஆகாது. எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் நட்ட குறுவை அந்நாள்களில்தான் அறுவடைக்கு வரும். ஒரு வயலில் அறுப்பு நடக்கும்போதே பக்கத்து வயலில் சம்பா நாற்றங்கால் பச்சைப் பசேலென்று நிற்கும். அறுத்த நெல்லைக் காயவைக்க வெயில் வேண்டும், நாற்றுக்கு மழை வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் வேண்டிக்கொள்கிற மாதம் இது. சமநாள் என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. புதுக் கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிட்டால் சிட்டுக்குருவிகள் வந்து தின்னும். தங்கைக்கு அதுவே போதும் என்பது என் எண்ணம்.

மறுமொழி: இல்லத்தரசி, திருப்பாதிரிப்புலியூர்

அம்மாவிடம் வாதிட வேண்டாம். புது நெல்லைக் குத்திய ஒரு படி அரிசியை அவர் ஏற்றும் விளக்கின் முன்பே வைத்துவிட்டு, அதைச் சமைத்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுங்கள். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவனுக்கு அன்னாபிஷேகம் செய்து சோற்றையே சாத்துகிற ஊர்க்காரர்கள் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். மேபனுக்குத் திராட்சை மது வைப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை என்றாலும், புரட்டாசியில் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்!

லாஸ்பேட்டை வாசகி

அனைவருக்கும் நன்றி. கதிர்க்கொத்து என்றதும் வியந்துபோனேன். இங்கிலாந்து உழவர்களும் முற்காலத்தில் கடைசிக் கதிர்க்கட்டில் பாவை முடைந்து, குளிர்காலம் முழுவதும் வீட்டில் வைத்திருந்து, அடுத்த உழவில் அதை மண்ணில் சேர்ப்பார்கள். இம்முறை பிளாஸ்டிக் இலை இல்லை. விடியலில் கடற்கரை, வாசலில் கதிர், இரவில் புதுச்சோறு. அண்ணா, கதிருக்கு உங்கள் பக்கம் எப்போது வரலாம்?

உழவர், காட்டுமன்னார்கோயில் பக்கம்

இயந்திரம் வயலில் இறங்கிவிட்டால் கொத்துக் கட்டுவதற்குக் கதிர் மிஞ்சாது. அது திரும்ப இடம் வேண்டுமென்று மூலைகளை மட்டும் முதலில் கையால் அறுப்போம். அப்போதே வந்துவிட வேண்டும்.