புதுப்பிப்பு: செத்த கோடும் ஜிஎஸ்டியும்

கைமாறி வந்த பைத்தான் பில்லிங் சிஸ்டம், கோலாலம்பூர் கடைகளுக்கானது. அதில் யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களை, அதாவது செத்த கோடை, வல்ச்சர் என்ற பைத்தான் கருவி வைத்துத் தேடலாம், நம்பக அளவு (அது எத்தனை சதவீதம் உறுதியாகச் சொல்கிறது என்பது) 80 போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தப்பு. பயன்படாத ஃபங்ஷனுக்கு வல்ச்சர் தருவதே 60தான். 80 வைத்தால் வீண் இம்போர்ட்டும் ஓட்டம் எட்டவே முடியாத கோடு வரிகளும்தான் பெரும்பாலும் வரும். 60க்கு இறக்குங்கள்.

இறக்கினால் பொய் எச்சரிக்கை கொட்டும். இன்வாய்ஸ் போன்ற பக்கங்களின் டெம்ப்ளேட்டிலிருந்து கூப்பிடுவது அதன் கண்ணில் படாது. ஒவ்வொரு பெயரையும் கிட் கிரெப்பில் (கிட்டில் உள்ள எல்லா ஃபைலிலும் தேடும் கட்டளை) தேடிப் பாருங்கள். 'கால்க்_' என்பதோடு ஜிஎஸ்டி மாதிரி வரியின் பெயரை ஒட்டி, பெயரை வைத்து ஃபங்ஷனை எடுக்கும் கெட்அட்டரில் கூப்பிட்டிருந்தால் முழுப் பெயரைத் தேடினாலும் சிக்காது. 'கால்க்_' என்ற முன்பாதியை மட்டும் தேட வேண்டும்.

பெரிய கண்ணி மலேசியாவின் ஜிஎஸ்டி (சரக்கு, சேவை வரி). 2018 ஜூன் 1இல் 6% வரி 0% ஆனது, செப்டம்பர் 1இல் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வந்தது. ஜிஎஸ்டி கணக்கிடும் கோடு செத்த மாதிரிதான் கிடக்கும். ஆனால் 2017 இன்வாய்ஸ் ஒன்றை மறுபடி அச்சடித்தால் ஓடுவது அதுதான்! ஃபங்ஷன் தலையில் அது ஓடினால் பதிவு செய்யும் ஒற்றை வரி லாக் போட்டு, ஆண்டுக் கணக்கு முடியும்வரை விடுங்கள். ஒரு மாதம் பத்தாது.

நீக்கும்போது ஒரு பகுதிக்கு ஒரு கமிட் (கிட்டில் ஒரு மாற்றத்தின் பதிவு). நீக்க வேண்டிய கோடைக் கமென்ட்டாக்கி வைக்காதீர்கள், பழையதை மீட்கத்தானே கிட் இருக்கிறது?