பிராக் ராஜபாதை, முட்டி வலி இருக்கற அம்மாவோட நடக்க முடியுமா?

ரங்கூன்பையன்:
எல்லாருக்கும் வணக்கம், ரங்கூன்லருந்து எழுதுறேன். தங்கச்சி பிராக்ல படிக்கிறா, அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு போறேன். அம்மாவுக்கு 64, முட்டி வலி, ஆனா ரூம்லயே இருங்கன்னு சொன்னா கோவம் வந்துரும். அங்க ராஜாங்க முடிசூட்டிக்க ஊர்வலமா போன பாதை இருக்காமே, பவுடர் டவர்ல ஆரம்பிச்சு கோட்டை வரைக்கும், ரெண்டரை கிலோமீட்டர் கிட்டதான் வரும்னு தங்கச்சி சொல்றா. மேப்ல சின்னதாதான் தெரியுது, ஆனா மேப்ல மேடு தெரியாதே. போனவங்க சொல்லுங்க.

மோல்மீன்அக்கா:
தம்பி, ராஜா குதிரைல போனாரு, அம்மா நடக்கணும். அதனால பாதைய தலகீழா போட்டுக்கோங்க. 22ம் நம்பர் டிராம் புடிச்சு போஹோர்ஷெலெட்ஸ் ஸ்டாப்ல எறங்குங்க, அதுதான் உச்சி, அங்கருந்து கோட்டை வாசலுக்கே எறக்கம்தான். டிக்கெட்ட ஏறினதும் மெஷின்ல ஒரு தடவ அடிச்சுடுங்க, நான் மறந்து ஃபைன் கட்டினேன், இன்னும் மனசு ஆறல. கோட்டைக்குள்ள செயின்ட் வைட்டஸ் சர்ச் 1344ல ஆரம்பிச்சு 1929லதான் முடிச்சாங்க, நம்ம ஊர்ல வீடு கட்டறவங்களுக்கு இத சொல்லி ஆறுதல் சொல்லலாம். வெளிய வந்தா நெருடோவா தெரு, சரியான சரிவு, மெதுவா எறங்குங்க. அங்க கதவுக்கு மேல பாத்துட்டே வாங்க, ரெண்டு சூரியன், மூணு வயலின், சிவப்பு ஆட்டுக்குட்டின்னு சின்னம் இருக்கும். 1770ல வீட்டுக்கு நம்பர் போடறதுக்கு முன்னாடி அதுதான் அட்ரஸ்.
செருப்பு வேணாம், முழுக்க கல்லு பதிச்ச தெரு, ஷூ போட சொல்லுங்க. ரங்கூன் பிளாட்ஃபாரத்துல நடந்த காலுக்கு பயம் இல்லதான், இருந்தாலும் மழை பெஞ்சா வழுக்கும்.

மாந்தலேமணி:
அக்கா சொல்றது முட்டிக்கு சரி, கண்ணுக்கு தப்பு. சார்லஸ் பாலத்துல பழைய ஊர் பக்கத்துலருந்து வந்தாதான் கோட்டை எதுக்க நிக்கும், எறங்கி வந்தா முதுகுக்கு பின்னாடி போயிரும். பாதி பாலத்துல நின்னு திரும்பி பாத்துட்டாவது போங்க. அம்மாவுக்கு பிடிக்கற விஷயம் ஒண்ணு, அந்த பாலத்துக்கு 1357ல நாலாம் சார்லஸ் கல்லு வெச்சாராம், ஒன்பதாம் தேதி, ஏழாம் மாசம், காலைல 5.31க்கு. வருஷம், தேதி, மாசம், நேரம்னு சேத்து எழுதினா 135797531, முன்னாடி பின்னாடி ஒண்ணுதான், எல்லாம் ஒத்தப்படை. இது ஐதீகமா சொல்றதுதான், ஆனா முகூர்த்தம் பாக்கறது நம்மளோட மட்டும் நிக்கலன்னு தெரியுது.
பாலத்துல முப்பது சிலை, அதுல நெபோமுக் சாமியார் சிலைக்கு கீழ வெண்கல தகடு, எல்லாரும் தொட்டு தொட்டு தங்கம் மாதிரி பளபளன்னு இருக்கும். 1393ல அவர ஆத்துல தூக்கி போட்டாங்க.
அந்தப் பக்கம் பழைய ஊர் சதுக்கத்துல 1410 வருஷத்து கடிகாரம், காலைல 9லருந்து ராத்திரி 11 வரைக்கும் மணிக்கு மணி அதுல பொம்மைங்க ஆடும், எலும்புக்கூடு கயிறு இழுக்கும், கடைசில சேவல் கூவும், அவ்ளோதான், ஒரு நிமிஷம்கூட இல்லன்னு தோணும். எல்லாரும் அண்ணாந்து பாக்கறப்ப பர்ஸ புடிச்சுக்கோங்க. அங்கயே தரைய பாருங்க, வெள்ளை கல்லுல 27 சிலுவை, 1621ல அங்க மரண தண்டனை குடுத்தவங்களுக்காக, நெறைய பேரு மிதிச்சுட்டே போறாங்க.

ரங்கூன்பையன்:
ரெண்டு பேருக்கும் நன்றி, 22ம் நம்பர்தான். அம்மாவுக்கு படிச்சு காமிச்சேன், எலும்புக்கூடு, சர்ச்சு எதுலயும் மனசு போகல, 5.31 ராகுகாலமா இல்லையான்னு அத மட்டும் கேட்டு சொல்ல சொன்னாங்க. 1357 பஞ்சாங்கம் யார்கிட்டயாவது இருக்கா?